வாசலிலிருந்து வாசல் வரை



கோடை விடுமுறை நெருங்கினால் நெய்வேலி நகரிய வட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும்: “சிங்கப்பூர் போக எவ்வளவு நேரம் ஆகும்?” பேரக்குழந்தையைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏறப்போகிறவர்கள் கேட்பது. நாலு மணி நேரம் என்று பதில் வரும். சென்னையிலிருந்து வான்வழியே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர்; பதில் சரிதான். ஆனால் அது விமானத்தின் கணக்கு. பயணம் போகிறவரின் கணக்கு வேறு.

நெய்வேலி ஆர்ச் கேட்டில் பேருந்து ஏறி, பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம் கடந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கி, பெட்டிகளோடு மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச் சேரவே நாலைந்து மணி நேரம் ஆகிவிடுகிறது. அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். 2,900 கிலோமீட்டருக்கு ஆகும் நேரம், முதல் 200 கிலோமீட்டருக்கும் ஆகிறது!

சென்னையிலிருந்து லண்டன் என்றால் 8,200 கிலோமீட்டர். பத்து மணி நேரத்துக்கு மேல். உயர வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று எதிர்ப்படுவதால், போகும்போது நேரம் கூடும், திரும்பும்போது குறையும். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நள்ளிரவில் கிளம்பினால் அங்கே இறங்கும்போது விடியும் நேரமாகியிருக்கும். மருந்து வேளையும் மாறிவிடும்; ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்; எந்த வேளைக்கு எதைப் போடுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த முதல் 200 கிலோமீட்டரைச் சுருக்க நமக்கும் ஓர் ஓடுதளம் இருக்கிறது. ஒரு காலத்தில் வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்கள் இங்கே வந்து போயின. 2017-இல், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே சேலத்தோடு நெய்வேலியும் இடம்பெற்றது. 2018-இல் சேலத்திலிருந்து சென்னைக்கு விமானம் கிளம்பியது. நம் ஓடுதளம் காத்திருந்தது. வான்வழியே நமக்கும் மீனம்பாக்கத்துக்கும் ஏறத்தாழ 170 கிலோமீட்டர்தான். சிறு விமானம் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும்.

விமான சேவையை வசதிக்காக மட்டும் கேட்கவில்லை. 1956-இல் இங்கே தொடங்கிய நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் இரவு ஷிப்ட் பார்த்து, தென் மாநிலங்களுக்கெல்லாம் மின்சாரம் கொடுத்தவர்கள் நம் பெரியவர்கள். முழங்கால் வலியோடு பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வயதில், அந்த முதல் 200 கிலோமீட்டரை எளிதாக்கித் தருவது நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமை. விமானம் வரும்வரை, வட்டங்களிலிருந்து நேரே விமான நிலையம் செல்லும் பேருந்தாவது வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலிலிருந்து பிள்ளையின் வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம் ஆனது, எங்கே சிரமப்பட்டீர்கள், யார் கை கொடுத்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் தொகுத்து வெளியிடுகிறோம். முதல் பயணம் போகும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்கு அது வழிகாட்டும். கோரிக்கையோடு அதிகாரிகளைச் சந்திக்கும்போது நமக்கும் பலம் சேர்க்கும்.

அன்புடன்,
ஆசிரியர்