சுவரில் சான்றிதழ், பின்கட்டில் டிரம்!

ஐஎஸ்ஓ சான்றிதழ் தொங்காத சுவர் இன்றைக்கு எங்கே இருக்கிறது? ஊறுகாய் கம்பெனியில் இருக்கிறது, இன்ஜினியரிங் காலேஜ் விளம்பரத்தில் இருக்கிறது, சிட்பண்ட் அலுவலக வரவேற்பறையிலும் இருக்கிறது. ஊறுகாய் கெட்டுப்போனால் தூக்கி எறிந்துவிடலாம். ஆனால் உடம்பைக் கிழித்து உள்ளே வைத்துத் தைத்த பொருள் மட்டமானது என்று பத்து வருடம் கழித்துத் தெரிந்தால்?

மருத்துவக் கருவி தயாரிப்பவர்களுக்கென்றே ஐஎஸ்ஓ 13485 என்று ஒரு தர நிர்வாக விதிமுறை உண்டு. 1996-ல் வந்தது, 2003-லும் 2016-லும் திருத்தப்பட்டது. இந்தச் சான்றிதழ் பொருளுக்குத் தரப்படுவது அல்ல. பொருளைத் தயாரிக்கும் முறைக்குத் தரப்படுவது. மூலப்பொருளை யாரிடம் வாங்கினீர்கள், யார் சோதித்தார்கள், புகார் வந்தால் என்ன செய்தீர்கள் என்பதற்கெல்லாம் எழுத்தில் பதிவு இருக்க வேண்டும். தணிக்கைக்கு வருபவர் பெரும்பாலும் அந்த எழுத்தைத்தான் பார்க்கிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்!

இந்த மாதிரித் தணிக்கை எவ்வளவு மோசமாகத் தோற்கும் என்பதற்குப் பிரான்சின் பிஐபி நிறுவனம் ஒன்றே போதும்.

1991-ல் ழான் கிளோட் மாஸ் என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. மார்பகத்தில் பொருத்தும் சிலிகான் பைகளைத் தயாரித்தது. அனுமதி வாங்கியது மருத்துவத் தர சிலிகானுக்கு. பைக்குள் அடைத்ததோ பல மடங்கு மலிவான, தொழிற்சாலைகளில் பயன்படும் சிலிகான். பிரான்சில் மட்டும் சுமார் 30,000 பெண்கள், உலகம் முழுக்கச் சில லட்சம் பேர் இந்தப் பைகளை உடம்பில் சுமந்தார்கள். பைகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கிழிவதாக டாக்டர்கள் புகார் சொன்ன பிறகு, 2010 மார்ச்சில் பிரான்ஸ் அரசின் கட்டுப்பாட்டு அமைப்பு ஆலைக்குள் நுழைந்தது. அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

அதுவரை சான்று கொடுத்துக்கொண்டிருந்தது யார்? ஜெர்மனியின் டூவ் ரைன்லாந்து. சாதாரணப் பெயர் இல்லை. 1998 முதல் 2008 வரை எட்டு முறை ஆலைக்குப் போனார்கள். எட்டு முறையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார்கள்! நிறுவனத்தின் வணிகப் பதிவேடுகளை ஒரு முறைகூடப் புரட்டவில்லை. ஒரு பையைக்கூட எடுத்துச் சோதிக்கச் சொல்லவில்லை. இதெல்லாம் யாரோ கிளப்பிய வதந்தி அல்ல, ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கும் விவரம்.

டி.இ.ஓ. வருகிறார் என்று முதல் நாளே தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கும்? கரும்பலகை பளபளக்கும், நன்றாகப் படிக்கிற பையன் முதல் பெஞ்சுக்கு வருவான். பிஐபி-யிலும் அதேதான் நடந்தது. தணிக்கைக்காரர்கள் கண்ணில் படாமல் மலிவுச் சரக்கை மறைத்து வைத்தார்கள்.

எரிச்சலூட்டும் விஷயம் இனிமேல்தான். இந்த மோசடியைப் பிடிக்க சிலிகான் வேதியியலில் டாக்டர் பட்டம் தேவையில்லை. கொள்முதல் ஏட்டைத் திறந்திருந்தால் போதும்! இந்த வருடம் எத்தனை பை விற்றார்கள்? அதற்கு எத்தனை கிலோ மருத்துவ சிலிகான் வேண்டும்? வாங்கியது எத்தனை கிலோ? பில் எங்கே? பி.காம். மாணவர்கள் தணிக்கைப் பாடத்தில் படிக்கும் வவுச்சிங் இதுதானே? இத்தனைக்கும் ஐஎஸ்ஓ 13485-ல் 7.4 என்ற பிரிவு முழுக்கக் கொள்முதல் பற்றியதுதான். கேட்க வேண்டிய கேள்வி விதிமுறையில் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

"தணிக்கையாளர் என்ன போலீஸா? அவரே ஏமாற்றப்பட்டவர்தானே" என்று ஒரு வாதம் வரும். டூவ் நிறுவனமும் அதைத்தான் சொன்னது. வணிகவியல் படிப்பவர்களுக்கு 1896-ன் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு மனப்பாடம். தணிக்கையாளர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்றது அந்தத் தீர்ப்பு. இருப்புச் சரக்குக்கு மேனேஜர் எழுதிக் கொடுத்த கணக்கை அப்படியே நம்பிய தணிக்கையாளர்கள் அதில் தப்பித்தார்கள். நியாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் திருடனுக்கு முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டு வருவது எந்த ஊர் காவல் நாய்?

அதோடு, காசு யார் கொடுப்பது? சான்று கேட்கும் நிறுவனமே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்து, கட்டணமும் கட்டுகிறது. கறாராக இருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மாணவனே எக்ஸாமினருக்குச் சம்பளம் கொடுக்கும் பரீட்சையில் எத்தனை பேர் பெயிலாவார்கள்?

நீதியாவது சீக்கிரம் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. மாஸுக்கு 2013-ல் நான்கு வருட சிறைத்தண்டனை விதித்தார்கள். சான்று கொடுத்தவர்கள் விஷயத்தில் ஒரு கோர்ட் பொறுப்பு உண்டு என்றது, அடுத்த கோர்ட் இல்லை என்றது. சொல்லாமல் போய்ச் சோதிக்கும் பொதுவான கடமை சான்று அமைப்புக்கு இல்லை, சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைத்தால் மட்டும் செயல்பட வேண்டும் என்று 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் டூவ் அலட்சியமாக இருந்தது என்று தீர்ப்பளித்தபோது 2021 மே மாதம். பதினோரு வருடம்!

அதே மாதம் ஐரோப்பாவின் புதிய மருத்துவக் கருவிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்லாமல் போய்த் தணிக்கை செய்ய வேண்டுமாம். லீப் வருடம்கூட அதைவிட அடிக்கடி வருகிறது! உருப்படியான ஒரு விதியும் அதில் உண்டு. வாங்கிய மூலப்பொருளின் அளவும் தயாரித்த பொருளின் அளவும் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. ஆனால் அது அதிக ஆபத்துள்ள மூன்றாம் வகைக் கருவிகளுக்கு, அதுவும் பொருத்தமான இடங்களில் மட்டும்.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. 2018 ஜனவரி முதல் அமலில் உள்ள மருத்துவக் கருவி விதிகள், ஆபத்து குறைந்த ஏ, பி வகைக் கருவிகளின் ஆலைத் தணிக்கையைப் பதிவு பெற்ற சான்று அமைப்புகளிடம் ஒப்படைத்திருக்கின்றன. ஊசியும் சிரிஞ்சும் இல்லாத ஆஸ்பத்திரி கிடையாது. ஆபத்து குறைந்தது என்று அலட்சியமாக விட முடியுமா?

சான்றிதழே வேண்டாம் என்பதல்ல வாதம். எழுதி வைக்கும் ஒழுங்கு இல்லாவிட்டால் கெட்ட சரக்கு யாருக்குப் போனது என்றே கண்டுபிடிக்க முடியாது. மூன்றே விஷயங்கள் போதும். சொல்லாமல் போக வேண்டும். கொள்முதல் கணக்கையும் உற்பத்திக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டணம் ஒரு பொது நிதிக்குப் போக வேண்டும், எந்தத் தணிக்கையாளர் எந்த ஆலைக்கு என்பதை அரசு முடிவு செய்ய வேண்டும்.

அதெல்லாம் செலவு என்பார்கள். அந்தப் பைகளை எடுக்க இரண்டாம் முறை ஆபரேஷன் டேபிளில் படுத்த பெண்களிடம் கேட்டால் தெரியும், எது செலவு என்று.