கடலோரப் பள்ளிக்கு முன்வார்ப்பு கான்கிரீட் கட்டடம் கோரும் மனு

அனுப்புநர்:
பெற்றோர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள் சங்கம்,
வேதாரண்யம் வட்டக் கடலோரக் கிராமம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

பொருள்: புதிய பள்ளிக் கட்டடத்தைப் புயல் காலத்தில் தங்கவும் ஏற்றபடி முன்வார்ப்பு கான்கிரீட்டில் கட்டித்தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, ஊரே ஒதுங்கியது எங்கள் பள்ளிக்கூடத்தில்தான். இன்று அதற்குள் நிற்கவே பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு அறையில் மேல்தளப் பூச்சு பெயர்ந்து, துருவேறிப் பருத்த கம்பி வெளியே தெரிகிறது. பிள்ளைகள் காலையில் பெஞ்சில் கொட்டிக் கிடக்கும் காரைத் தூளைத் தட்டிவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

கட்டும்போது கலவைக்கும் நீராற்றவும் இங்கேயே இறைத்த உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தியது இந்தச் சிதைவுக்கு முதல் காரணம். கம்பிக்குப் போதிய கவரிங் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) விடாதது அடுத்தது. கடலோரக் கட்டடத்துக்குக் குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும் 45 மி.மீ. கவரிங்கும் வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. பெயர்ந்த இடத்தை எங்கள் சங்கத்து ஓய்வுபெற்ற பொறியாளர் அளந்தார், 20 மி.மீ. கூட இல்லை.

முன்வார்ப்பு முறையில் தூண், உத்திரம், தளப் பலகைகளை நல்ல தண்ணீர் உள்ள ஆலையில் இரும்பு அச்சில் வார்த்து, சோதித்து, இங்கே கொண்டுவந்து பூட்டினால் இந்தக் குறை வராமல் தடுக்கலாம். சென்ட்ரிங் மரமும் மிச்சம். சென்னை பெரும்பாக்கத்தில் இம்முறையில் கட்டிய 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன. ஆலையில் வார்ப்பு நடக்கும்போதே இங்கே அஸ்திவாரம் போடலாம் என்பதால், தை மாதம் தொடங்கும் வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வழியுண்டு.

ஆனால் இம்முறைக்கு உயிர் மூட்டுகளில்தான் இருக்கிறது. 1968இல் லண்டன் ரோனன் பாயிண்ட் அடுக்ககத்தில் ஒரு வீட்டில் எரிவாயு வெடித்ததும், சுவர்ப் பலகைகளுக்குப் பிடிப்பு போதாமல் கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. ஆகவே ஒவ்வொரு மூட்டிலும் கம்பிப் பிணைப்பையும் கிரவுட் நிரப்பலையும் அரசுப் பொறியியல் கல்லூரி வல்லுநர்கள் பார்த்துச் சான்றளித்த பிறகே பில் தொகை வழங்க வேண்டும். புயலுக்குப் பிறகும் இயங்கவேண்டிய கட்டடங்களுக்கு ஐ.எஸ். 875 வகுத்த 1.3 காற்றுக் காரணியைக் கணக்கில் கொள்ள வேண்டும். தளமட்டம் வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். முதியோர் ஏறச் சாய்தளமும் தேவை. எங்கள் ஊர்க் கொத்தனார்களுக்கு மூட்டு வேலையில் பயிற்சி கொடுத்தால், பின்னாளில் பராமரிப்புக்கு வெளியாட்களைத் தேட வேண்டியதில்லை.

உடனடியாகப் பொறியாளர் ஒருவரை அனுப்பிப் பார்வையிடச் செய்யுங்கள். புதிய கட்டடம் வரும்வரை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த அறையில் உட்கார வைக்கக் கூடாது என்று இன்றே உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், பெற்றோர்கள்

இணைப்பு: வகுப்பறைப் படங்கள், ஊர்மக்கள் கையொப்பம்.