சிலோ ஸ்குரூவில் கை வைக்க முந்தி

“நானா, மெசின் சிலோ நிக்குதில்ல. கொஞ்சம் ஏத்தி விடுங்க.”

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் கரையோரத்து கராஜ்களில் இந்த வசனம் கேட்காத நாள் குறைவு. உடப்புப் பக்கம் நானா அண்ணையாக மாறுவார், அவ்வளவுதான். பாஸ் கவரைக் கழற்றுவார், காபரேட்டர் பக்கத்தில் இருக்கிற ஸ்குரூவை அரைச் சுற்று திருப்புவார். மெசின் உறுமும். காசு கைமாறும். ரெண்டு கிழமையில் அதே மெசின் அதே இடத்துக்கு வரும்.

எனக்கு இந்த அரைச் சுற்றோடுதான் சண்டை. சிலோ குறையிறது ஒரு நோய் இல்லை, நோயின் அடையாளம். ஸ்குரூவைத் திருப்புறது காய்ச்சலுக்குப் பெனடோல் குடுக்கிற வேலை. டெங்கு என்றாலும் பெனடோல், சளி என்றாலும் பெனடோல்.

வேடிக்கை என்னவென்றால், நம்ம பொடியன்மார் யூடியூபில் விழுந்து விழுந்து பார்க்கிற ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே பிரச்சினை இருக்கு. தொண்ணூறுகளில் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5ஐ எடுங்க. அதன் சிலோ நிமிடத்துக்கு 850 சுற்று, கூடக்குறைய 50. அதைச் சரிபண்ண ஒரு ஸ்குரூவும் இருக்கு. ஆனா கம்பனிப் புத்தகம் சொல்ற ஒழுங்கைப் பாருங்க: எஞ்சின் நல்லாச் சூடாகணும். லைட், ஃபேன், ஏசி எல்லாம் நிற்கணும். கம்ப்யூட்டர் தன்பாட்டில் வேகத்தைத் திருத்தாதபடி, டெஸ்ட் பெட்டியில் ரெண்டு முனையை வயரால் இணைக்கணும். இக்னிஷன் டைமிங் 10 பாகையில் நிற்குதா என்று பார்க்கணும். எங்கேயும் காற்று கள்ளமாக உள்ளே போகக் கூடாது. அதுக்குப் பிறகுதான் ஸ்குரூ. இப்ப வாற கார்களில் அந்த ஸ்குரூவே இல்லை, கம்ப்யூட்டர்தான் சிலோவைப் பிடிச்சு வைக்குது.

நம்ம கரையில் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. இருக்கிறது ஃபைபர் போட்டும் பின்னால மாட்டுற அவுட்போர்ட் மெசினும். யமஹா, சுசுகி, பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். அதிலும் பல மண்ணெண்ணெயில் ஓடுறது. காரில் சிலோ விழுந்தா வீதியோரத்தில் நிற்பீங்க. போட்டில் சிலோ விழுந்து மெசின் நின்றா, கரையில அலை உடையிற இடத்தில் போட் பக்கவாட்டாகத் திரும்பிவிடும். வைகாசியில் தென்மேற்குக் காற்று தொடங்கினா அது எப்படி முடியும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மண்ணெண்ணெய் மெசினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி லேசில் ஆவியாகாது, அதுக்குச் சூடு வேணும். அதனால்தான் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. நிப்பாட்ட முந்தி திரும்பப் பெற்றோலுக்கு வந்து, காபரேட்டரில் மிச்சமிருக்கிற மண்ணெண்ணெயை எரிச்சு முடிக்கிறது. பெற்றோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று இந்தக் கடைசி வேலையை விட்டவங்களுக்கு அடுத்த நாள் விடிய சிலோ நிற்காது. நெடுநேரம் சிலோவில் விட்டாலும் மெசின் ஆறி, எரியாத எண்ணெய் பிளக்கை நனைச்சுப்போடும். ஸ்குரூ என்ன செய்யும் பாவம்?

நல்ல பாஸ்மார் முதலில் கேள்வி கேட்பாங்க. எப்ப விழுது? குளிரில் மட்டுமா, சூடான பிறகா? நியூட்ரலிலேயே நிற்குதா, கியரில் போட்டதும் நிற்குதா? இந்தப் பதிலே பாதி வேலையை முடிச்சிடும்.

பிறகு எண்ணெய். தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து அரை மணித்தியாலம் அசையாமல் வைச்சா, தண்ணி அடியில் போய் நிற்கும். காசு செலவில்லாத டெஸ்ட், ஆனா செய்யிறவங்க குறைவு. அடுத்தது எண்ணெய் ஹோஸில் இருக்கிற ரப்பர் பந்து. மெசின் விழப் போற நேரத்தில் அதை அமத்தினா உயிர் வருதா? அப்ப பிரச்சினை காபரேட்டருக்கு முந்தியே இருக்கு: பம்ப் டயஃப்ரமோ, காற்று இழுக்கிற ஹோஸோ. பிளக் ரெண்டையும் கழற்றிப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கணும். ஒன்று காய்ஞ்ச மண் நிறம், மற்றது ஈரக் கறுப்பு என்றால், ரெண்டாவது சிலிண்டர் சும்மா சவாரி போகுது. கொம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும்.

சிலோவுக்கு எண்ணெய் குடுக்கிற பைலட் ஜெட்டின் ஓட்டை மயிரிழை மாதிரி. பிசின் பிடிச்சா அடைச்சுக்கொள்ளும். அதைக் கம்பி விட்டுக் குத்துறாங்களே, அங்கேதான் எனக்கு நெஞ்சு பதறும். ஜெட் பித்தளை. கம்பி போன ஓட்டை பெருத்துவிடும், பெருத்த ஓட்டையைச் சின்னதாக்க வழியில்லை. காபரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். உப்புப் பிடிச்சு இறுகின எக்ஸிலரேட்டர் கேபிளையும் மறக்கக் கூடாது. ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று சிலோ ஆடினா அனேகமா அதுதான்.

“இதெல்லாம் பார்க்க எங்க தம்பி நேரம்?” என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி, இதுக்கு நான் நக்கலாகப் பதில் சொல்ல மாட்டேன். மெசின் ஒரு நாள் கராஜில் கிடந்தா வீட்டில் ஒரு நாள் உழைப்பு இல்லை. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு பிளக் வாங்குறதுக்கும் யோசிக்க வேண்டியிருந்தது. அரைச் சுற்றுக்குப் பின்னால் இருக்கிறது அறியாமை மட்டுமில்லை, வறுமையும்தான்.

ஆனா அதே வறுமைதான் என் பக்கத்து வாதமும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. அதுக்குப் பத்து வருஷம் முந்தி, 2012 பெப்ரவரியில், எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்து மீனவர்கள் வீதிக்கு இறங்கினாங்க. 15ஆம் திகதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் அந்தோனி பெர்னாண்டோ என்ற மீனவர் செத்தார். எண்ணெய் விலைக்காக உயிர் போன கரை இது. சிலோவில் எரியிற எண்ணெய் கொஞ்சம்தானே என்றால், உண்மைதான். ஆனா சிலோவைக் குறைச்ச அந்த நோய், நனைஞ்ச பிளக்கோ களைச்ச சிலிண்டரோ, ஆழ்கடலுக்குப் போகும்போதும் கூடவே வருது. ஏத்தின சிலோ அதை மறைச்சு வைக்குது. போதாததுக்கு, கூடின சிலோவில் கியரைப் போட்டா ‘டங்’ என்று அடிச்சு கியர் பல்லு தேயும். முன்னால நிற்கிறவர் தண்ணிக்குள்ள விழலாம். மெசின் நியூட்ரலில் என்று நினைச்சு வலை எடுக்கிறவங்க பக்கத்தில் இது விளையாட்டில்லை.

கண்டக்குளி, ஆலங்குடா பக்கம் டொல்பின் பார்க்கக் கூட்டிப்போற போட்களுக்கும் இது பொருந்தும். கார்த்திகையிலிருந்து சித்திரை வரை சீசன். கடல் பாலூட்டிகளைப் பார்க்கப் போறதுக்கு 2012இல் ஒழுங்குவிதிகள் வந்தது. துரத்தாதே, மெதுவாகப் போ என்பதுதான் அடிப்படை. சிலோ நிற்காத மெசினோடு மெதுவாகப் போறது எப்படி? நின்றுவிடும் என்ற பயத்தில் ரேஸைக் குறைக்காமலே சுத்துற போட்டைப் பார்த்து ‘இவங்களுக்கு மிருகத்தில் இரக்கமில்ல’ என்று சொல்றது லேசு. சில நேரம் அங்கே இல்லாதது இரக்கம் இல்லை, சுத்தமான பைலட் ஜெட்.

கராஜில் வேலை பழகுற தம்பிமாருக்கு ஒரு சின்ன டிஜிட்டல் டேக்கோமீற்றர் வாங்கிக் குடுங்க. பிளக் வயரில் சுத்தினா வேகத்தைக் காட்டும். காதால அளக்கிற பழைய பாஸ்மாரை நான் மதிக்கிறேன். ஆனா அந்தக் காது வர முப்பது வருஷம் வேணும். மெசினுக்கு மெசின் கணக்கு வேற. சிலதுக்கு 750, சிலதுக்கு ஆயிரத்துக்கும் கொஞ்சம் மேல. அந்த மாடல் புத்தகத்தைப் பார்த்துத்தான் வைக்கணும்.

எல்லாம் பார்த்து முடிஞ்சா ஸ்குரூவைத் திருப்பலாம், ஆனா கராஜ் வாசலில் ஹோஸ் தண்ணி குடுத்துக்கொண்டு இல்லை. எக்ஸோஸ்ட் புகை தண்ணிக்கு அடியால் போகிறதால, தரையில் சரியாக வைச்ச சிலோ கடலில் கீழே விழும். போட்டைக் களப்பில் இறக்கி, மெசினைச் சூடாக்கி, முன் கியரில் போட்டுப் பாருங்க. அங்கேயும் குறைவாக நின்றா, அப்ப கால் சுற்று.