சுட்டவருக்குக் காப்பீடு, சுடப்பட்டவருக்கு?

அமெரிக்காவில் 29 மாநிலங்களில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போகலாம். உரிமம் கட்டாயம் என்று வைத்திருக்கும் மாநிலங்களாலும், 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, அதை எளிதில் மறுக்க முடிவதில்லை. இப்படி நடமாடுபவர்களை நம்பி அங்கே ஒரு வணிகம் வேரூன்றியிருக்கிறது. மாதச் சந்தா கட்டினால் போதும். தற்காப்புக்காக யாரையாவது சுட நேர்ந்தால் வக்கீல் செலவு, ஜாமீன், உரிமையியல் வழக்கில் விதிக்கப்படும் இழப்பீடு எல்லாவற்றையும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். காப்பீட்டுத் துறையின் கண்காணிப்புக்குள் வராமல், சட்ட உதவிச் சந்தா என்ற பெயரில் இதையே விற்பவர்களும் உண்டு.

தேசியத் துப்பாக்கிச் சங்கம் 2017-ல் 'கேரி கார்ட்' என்ற திட்டத்தை மாதம் 13.95 டாலரிலிருந்து விற்கத் தொடங்கியபோது, எதிர்ப்பாளர்கள் அதைக் கொலைக் காப்பீடு என்றார்கள். அந்தப் பெயரை நாம் ஏற்கவில்லை. உண்மையிலேயே உயிரைக் காத்துக்கொள்ளச் சுட்டவரும் கைதாகிறார், கூண்டில் நிற்கிறார். விடுதலையாகி வருவதற்குள் வீடு வாசல் போய்விடும். அவருக்கு வக்கீல் வேண்டும் என்பதில் தவறு எதுவும் இல்லை. ஏழைக்கு அரசே வக்கீல் அமர்த்த வேண்டும் என்று 1963-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இத்தகைய பாலிசிகள் பலவற்றில், சுட்டது சட்டப்படியான தற்காப்பாக இருந்தால்தான் பணம் வரும். அப்படியானால் குண்டடி பட்டவருக்குப் பெரும்பாலும் இழப்பீடு கேட்கும் உரிமையே இல்லை. ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் 2005 முதல் சட்டமே அந்த வழக்கைத் தடுத்துவிடுகிறது. மாறாக, ஆத்திரத்தில் சுட்டார், ஆளை மாற்றிச் சுட்டார், குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது என்றால், பாதிக்கப்பட்டவருக்கு உரிமை பிறக்கும் அதே நேரத்தில் நிறுவனம் கையை விரித்துவிடும். வீட்டுக் காப்பீடும், வேண்டுமென்றே செய்த காயத்துக்குப் பொதுவாகப் பணம் தராது. துப்பாக்கி செய்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாம் என்றால், 2005-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்தக் கதவையும் அநேகமாக அடைத்துவிட்டது. மிஞ்சுவது சுட்டவரின் சொந்தச் சொத்து. சிறைக்குப் போனவரிடம் அது எவ்வளவு இருக்கும்? முதுகெலும்பில் குண்டு பாய்ந்து படுக்கையில் கிடப்பவரின் மருத்துவச் செலவை அவர் குடும்பமே சுமக்கிறது.

நம் ஊரில் வண்டி ஓட்டும் எவருக்கும் இதற்கான விடை தெரியும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் சாலையில் வண்டியை இறக்கக் கூடாது. அதைவிட முக்கியமானது அதன் பின்னால் உள்ள ஏற்பாடு. ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லாத வழக்குகளிலும், நிறுவனம் முதலில் அடிபட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நம் நீதிமன்றங்கள் உத்தரவிட்டு வந்திருக்கின்றன. 2004-ல் நம் உச்ச நீதிமன்றமே இந்த முறையை உறுதிசெய்தது. தவறு செய்தவர் தப்புவதில்லை. அடிபட்டவர் காத்துக் கிடப்பதும் இல்லை.

துப்பாக்கிக்கும் இதுவே வேண்டும் என்கிறோம். உண்மைதான், வேண்டுமென்றே செய்த குற்றத்துக்குக் காப்பீடு கூடாது என்பது கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களின் சட்டம். குற்றவாளி தன் பையிலிருந்து எதுவும் தராமல் நழுவிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். கொடுத்த பணத்தை நிறுவனம் அவரிடமே திரும்ப வசூலிக்கும்போது அந்த நோக்கம் கெடாது.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. சான் ஹோசே நகரம் 2023 முதல் துப்பாக்கி வைத்திருப்போருக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் கைதவறி வெடிப்பதால் நேரும் சேதத்தை மட்டுமே அது கேட்கிறது. நியூ ஜெர்சி இன்னும் துணிந்தது. மறைத்து எடுத்துச் செல்பவர் குறைந்தது 3 லட்சம் டாலருக்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் சட்டம் செய்தது. வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் இல்லையென்று 2023 மே மாதம் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்தப் பிரிவுக்குத் தடை விதித்தார். முன்னுதாரணம் அறவே இல்லை என்பதை நம்மால் ஒப்ப முடியவில்லை. ஆயுதத்தோடு திரிபவரால் ஆபத்து என்று யாராவது முறையிட்டால், அவர் அமைதி காப்பதாகப் பிணை கொடுக்க வேண்டும் என்று மாசசூசெட்ஸ் 1836-லேயே விதித்திருந்தது. 2024 ஜூனில், குடும்ப வன்முறைக்காகத் தடை உத்தரவுக்கு உள்ளானவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் இத்தகைய பிணைச் சட்டங்களையும் ஆதாரமாகக் கொண்டது.

ஓர் எதிர்வாதம் கனமானது. குற்றங்கள் மலிந்த பகுதியில் வாழும் ஏழைக்குத்தான் பிரீமியம் பாரமாகும். அதை மறுக்க முடியாது. பிரீமியத்துக்கு உச்சவரம்பு வைத்து, வறியவரின் பங்கை அரசு ஏற்க வேண்டும். இன்னொன்று: 2021-ல் அங்கே துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்த மரணங்களை எந்தக் காப்பீடும் தொடாது. அதற்கு வேறு சட்டங்கள் வேண்டும்.

எதைச் செய்தாலும் சட்டத்தின் வழியே செய்ய வேண்டும். நியூயார்க் நிதிச் சேவைத் துறை, 'கேரி கார்ட்' விதிகளை மீறியது என்று கண்டு, அதை நடத்திய லாக்டன் நிறுவனத்துக்கு 2018-ல் 70 லட்சம் டாலர் அபராதம் விதித்தது முறையான நடவடிக்கை. ஆனால் துப்பாக்கிச் சங்கத்தோடு உறவே வைக்காதீர்கள் என்று மற்ற நிறுவனங்களையும் அத்துறையின் தலைவர் மிரட்டியதாக எழுந்த புகார், பேச்சுரிமை வழக்காக நிற்கும் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பு சரியானது. நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் மிரட்டலை நாடாமல், முதலில் கொடுத்துப் பின்னர் வசூலிக்கும் பிரிவையும் பிரீமிய உச்சவரம்பையும் வெளிப்படையாகச் சட்டத்தில் எழுதி, அந்தச் சட்டத்தோடு மறுபடி நீதிமன்றத்தின் முன் நிற்கட்டும்.