தாமே துணிந்த மகளிர்

காவிரியின் கிளையாறுகள் கடலொடு கலக்கும் கீழைக் கடற்கரையில் அமைந்தது காரைக்கால் வட்டாரம். அதன் தென்பகுதியில், திருமலைராயன்பட்டினத்தை அடுத்துள்ள சிற்றூர் போலகம். அவ்வூரிலிருந்து வடக்கே சென்றால், காரைக்காலைக் கடந்து, தரங்கம்பாடிக்கு அருகில் தில்லையாடியை அடையலாம். தெற்கே சென்றால், நாகப்பட்டினத்தைக் கடந்து வேதாரணியத்தை அடையலாம். மூன்று ஊர்களிலும் பேசப்படுவது ஒரே மொழி. பாய்வது ஒரே காவிரி நீர். எனினும் விடுதலைக்கு முன்னர் அவற்றின்மேல் பறந்த கொடிகள் இரண்டு. தில்லையாடியும் வேதாரணியமும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தன. காரைக்காலிலோ 1739ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரர் காலூன்றிவிட்டனர்; ஆதலின் போலகம் அவர்கள் ஆட்சியில் இருந்தது.

இக்கடற்கரையின் விடுதலை வரலாற்றில் மகளிர்க்குச் சிறந்த இடம் உண்டு. ஆனால் அவ்வரலாற்றைப் பேசுங்கால் நாம் ஒரு பிழை செய்கின்றோம். “பெண்கள் துணை நின்றனர், துன்பம் பொறுத்தனர், தியாகம் செய்தனர்” என்று கூறி மாலை சூட்டி அமைந்துவிடுகின்றோம். அவர்களுடைய கண்ணீரைப் புகழும் நாம் அவர்களுடைய அறிவைப் புகழ்வதில்லை. நன்மை தீமைகளை ஆராய்ந்து, தாமே ஒரு முடிவுக்கு வந்து, அம்முடிவில் உறுதியாக நின்றார்களே, அதுவன்றோ அவர்களுடைய உண்மையான பெருமை? இதுவே யான் ஈண்டு வற்புறுத்த விரும்பும் கருத்து.

தில்லையாடி வள்ளியம்மையை நீங்கள் அறிவீர்கள். அவள் பெற்றோர் தில்லையாடியிலிருந்து தென்னாப்பிரிக்கா சென்றவர்கள். வள்ளியம்மை 1898ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தாள். 1913ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நாட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. கிறித்தவ முறைப்படி நடைபெறாத, பதிவு செய்யப்பெறாத திருமணங்கள் சட்டத்தின் முன் செல்லா என்பது அத்தீர்ப்பின் பொருள். ஒரே நாளில் இந்திய மனைவியர் பலர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆயினர். அவர்கள் பெற்ற மக்களின் உரிமையும் ஐயத்திற்கு உள்ளாயிற்று.

இதற்கு முன்னரே பெண்கள் சிலர் அறப்போரில் சேர விரும்பினர். அவர்களைச் சிறைக்கு அனுப்புவது முறையன்று எனக் காந்தியடிகள் தயங்கினார். இத்தீர்ப்புக்குப் பின்னரே அவர் இசைந்தார். டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற மகளிருள் பெரும்பாலோர் தமிழ்ப்பெண்கள். அவர்கள் நேட்டால் எல்லையைக் கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரிடம் பேசினர். தொழிலாளர் வேலையை நிறுத்தினர். போராட்டம் நாடெங்கும் பரவியது. வள்ளியம்மையும் அப்போரில் இறங்கி, மூன்று திங்கள் கடுங்காவல் தண்டனை பெற்றாள். மேரிட்ஸ்பர்க் சிறையில் அவளைக் காய்ச்சல் பற்றியது. விடுதலையான சின்னாட்களில், 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் அவள் உயிர் நீத்தாள். அப்போது அவளுக்கு வயது பதினாறு.

நோய்ப்படுக்கையில் கிடந்த அவளைக் கண்ட காந்தியடிகள், சிறை சென்றதற்காக வருந்துகின்றாயா என வினவினார். வருத்தமில்லை என்றும், மீண்டும் செல்ல நேரினும் செல்வேன் என்றும் அவள் விடையளித்தாள். இது பிறர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பேதையின் விடையா? அன்று. தன் செயலின் விலையை அறிந்து, அறிந்தே அதனைச் செய்த ஒருத்தியின் விடை அது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இந்தியரின் திருமணங்களுக்கு ஏற்பு வழங்கியது. தொழிலாளரை வாட்டிய மூன்று பவுன் தலைவரியையும் நீக்கியது. பெண்கள் யாருக்கோ துணை நின்றார்கள் என்று இதனைக் கூறலாமா? தம் வழக்கைத் தாமே வாதாடி வென்றார்கள் என்பதன்றோ பொருந்தும்!

இனித் தெற்கே வேதாரணியத்தை நோக்குவோம். 1930ஆம் ஆண்டு காந்தியடிகள் தண்டிக்கு நடந்து சென்றபோது பெண்களைத் தம்முடன் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண்களோ ஒதுங்கி நிற்க இசையவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராசாசி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து புறப்பட்டு, 28ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்து, 30ஆம் நாள் உப்பு எடுத்துச் சிறைப்பட்டார். அவ்வறப்போரில் கலந்துகொண்டு சிறை சென்றார் உருக்குமணி இலட்சுமிபதி அம்மையார். உப்பு அறப்போரில் சிறை புகுந்த முதற்பெண்மணி என்று அவர் போற்றப்படுகின்றார். 1946ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் நலவாழ்வுத்துறை அமைச்சராகப் பொறுப்பேற்றவரும் அவரே.

“சிறை சென்ற பெண்கள் மிகச் சிலரே, போரிட்டவர் பெரும்பாலும் ஆடவரே” என்று சிலர் கூறலாம். அவர்கட்கு ஒன்று கூறுவேன். வேதாரணியத் தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்கள் என்ன செய்தனர்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டி வைத்தனர். கட்டியவர் யார் என்று காவலர் அறியார். தொண்டர்களோ பசியாறி நடந்தனர். அந்தச் சோற்றை வடித்த கைகள் எவை? விடியுமுன் எழுந்து, சட்டத்தை மீறுகின்றோம் என்பதை அறிந்தே அடுப்பு மூட்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய பெயர்கள் சிறையேட்டில் இல்லை. பெயர் இல்லை என்பதனாலே வீரமும் இல்லை என்று ஆகிவிடுமா?

கடல் கடந்த நாட்டிலும் இதனையே காண்கின்றோம். 1943ஆம் ஆண்டு நேதாசி சுபாசு சந்திர போசு சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். டாக்டர் இலட்சுமி அதன் தலைமையை ஏற்றார். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்த தமிழ்ப்பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். இந்திய மண்ணைக் கண்ணாலும் காணாதவர் அவருள் இருந்தனர். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி என்னும் இளநங்கை, கூட்டத்திலேயே தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துப் படையிலும் சேர்ந்தார். எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை. உள்ளம் சொன்ன வழியில் அவர்கள் நடந்தனர்.

மீண்டும் போலகத்திற்கு வருவோம். 1947ஆம் ஆண்டு இந்தியா விடுதலை பெற்றபோது காரைக்கால் விடுதலை பெறவில்லை. இந்தியாவுடன் இணைய விரும்பிப் போராடியவர் பலர், பிரெஞ்சு எல்லையைக் கடந்து இந்தியப் பகுதியில் தங்க நேர்ந்தது. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இணைப்பை 170 பேர் ஏற்றனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. இவ்வெண்களை ஏடுகள் கூறும். ஆனால் தலைவன் எல்லைக்கு அப்பால் இருக்க, வீட்டில் உலையேற்றி, பிள்ளைகளைப் பேணி, “அவர் எங்கே?” என்று கேட்டோர்க்கு வாய் திறவாது நின்ற பெண்டிரை எந்த ஏடு எண்ணிற்று?

மாணவ மாணவியரே, இவ்வரலாறு நமக்கு ஒரு கடமையை உணர்த்துகின்றது. வள்ளியம்மைக்கு விழா எடுக்கின்றோம். பதினாறு வயதில் தானே துணிந்ததற்காக அவளைப் பாராட்டுகின்றோம். அதே வயதுடைய நம் வீட்டுப் பெண், “நான் மேலே படிக்க விரும்புகின்றேன்” என்றாலோ, “இத்திருமணம் இப்போது வேண்டா” என்றாலோ, “சிறுபெண்ணுக்கு என்ன தெரியும்?” என்று அவள் வாயை அடைக்கின்றோம். இது பொருந்துமா? சிலைக்கு மாலை இட்டுவிட்டு, உயிருள்ள பெண்ணின் சொல்லுக்குச் செவி சாய்க்காதிருப்பது வள்ளியம்மையைப் போற்றுவது ஆகாது.

பெண்கள் சொல்வன எல்லாம் சரியாகவே இருக்கும் என்று யான் கூறவில்லை. ஆடவர் சொல்வனவும் அவ்வாறு இருப்பதில்லையே! தவறு நேருமோ என்னும் அச்சத்தால் ஒருவரின் முடிவுரிமையைப் பறித்தல் அந்நிய ஆட்சியினர் நமக்குச் செய்த கொடுமை. நம்மை ஆளும் தகுதி நமக்கு இல்லை என்று அவர்கள் கூறினர். அதனை எதிர்த்தே நாம் போராடினோம். அக்கூற்றையே நம் இல்லத்துப் பெண்களை நோக்கி நாம் கூறலாமா?

ஆதலின் உங்கள் பாட்டியரிடமும் தாயரிடமும் கேளுங்கள். அவர்கள் எதனை முடிவு செய்தனர், எதனை முடிவு செய்ய விடப்படவில்லை என்பதை அறிந்து எழுதி வையுங்கள். நாளை உங்கள் தங்கை ஒரு கருத்தைச் சொல்லும்போது, மறுப்பதற்கு முன் ஒரு முறை முழுதும் கேளுங்கள். நாட்டின் விடுதலை வீட்டின் வாயிலோடு நின்றுவிடலாகாது. அது வீட்டினுள்ளும் நுழைதல் வேண்டும்.