சம்பளமா, சாமர்த்தியமா?

ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று கடைப் பையன் நெடுஞ்சாலைப் பெரிய கடைக்குப் போய்விட்டதாக நம் தொப்பூர் வணிகர்கள் வருந்துகின்றனர். பண முதலைகளோடு மோத முடியுமா என்றும் கேட்கின்றனர். முடியும் என்பதே என் கருத்து.

ஐ.பி.எல். கிரிக்கெட்டைப் பாருங்கள். 2008-இல் மிகக் குறைந்த விலைக்குப் போன அணி ராஜஸ்தான், 6.7 கோடி டாலர். மும்பை அணியோ 11.19 கோடி டாலர். முதல் கோப்பையை வென்றது ராஜஸ்தான். ஷேன் வார்னே தலைவராகவும் பயிற்சியாளராகவும் இருந்து, பெயர் தெரியாத பையன்களிடம் வேலை வாங்கினார். மும்பை அரையிறுதிக்கே வரவில்லை.

கணவாய்க்கு அந்தப் பக்கம், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 2017-இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. மறு ஆண்டே விட்டுவிட்டது. 2018-இல் ஐதராபாத் அணி 40 லட்சத்துக்கு வாங்கியது. இரண்டு ஆண்டுகள் ஓர் ஆட்டம்கூடத் தரவில்லை. ஆனால் வெளியே அனுப்பவும் இல்லை. 2020-இல் அவர் எடுத்தது 16 விக்கெட்.

அங்கே ஏலச் செலவுக்கு வரம்பு உண்டு, நம் எதிர்க்கடைக்கு அது இல்லையே என்பீர்கள். நியாயம்தான். வளர்ந்த ஆளுக்கு விலையும் ஏறும். 2024 நவம்பரில் டெல்லி அணி 10.75 கோடி கொடுத்து நடராஜனை எடுத்தது. சம்பளத்தைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு நிர்வாகம் பேசக்கூடாது. ஆனால் ஆறு வருடம் பொட்டலம் மட்டும் கட்ட வைத்து, கொள்முதலோ கடன் நோட்டோ பழக்காத முதலாளி, ஆயிரம் ரூபாயால்தான் பையனை இழந்தேன் என்றால் நான் ஒப்பமாட்டேன்.