தலைமுறைகளின் தராசு

கடந்த கோடை விடுமுறையில், திருமுல்லைவாயிலில் வசிக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் அவருக்கும், மேல்நிலைப்பள்ளியில் பயிலும் அவருடைய மகனுக்கும் இடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நின்டெண்டோ நிறுவனத்தின் காணொலி விளையாட்டுக் கருவிகளுள் சிறந்தது எது என்பதே அவ்வழக்கு.

"கேசட்டைச் செருகி நாங்கள் ஆடிய மாரியோவுக்கு எதுவும் ஈடாகாது" என்றார் தந்தை. "கட்டம் கட்டமாகத் தெரியும் அந்தப் படத்தையா சொல்கிறீர்கள், அப்பா?" என்று சிரித்தான் மகன். சித்தப்பா பரிசளித்த சுவிட்ச் கருவி அவன் கையில் இருந்தது. "ஐயா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றனர் இருவரும்.

1889இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுத் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. 1983இல் ஃபேமிகாம் என்னும் கருவியை வெளியிட்டது. 1990களில் நம் தெருக்களில் 'டிவி கேம்' என வழங்கியவற்றுள் பல, அக்கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட போலிகளே. தந்தை கொண்டாடியதும் அத்தகைய ஒன்றுதான். எனினும், அவரது அன்பு போலியன்று. ஒரே தொலைக்காட்சியின் முன் உடன்பிறந்தாரோடு முறைவைத்து ஆடிய மாலைப்பொழுதுகளையே அவர் எடைபோட்டார்.

மகனின் தராசிலும் குறையுண்டு. படத்தின் தெளிவே சிறப்பென்றால், 1989இல் வந்த கேம்பாய் தோற்றிருக்க வேண்டும். அதன் திரையில் வண்ணமே இல்லை. ஆனால், வண்ணத்திரை கொண்ட போட்டிக் கருவிகள் ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் தீர்த்தன. கேம்பாயோ நான்கே மின்கலங்களில் நெடுநேரம் இயங்கியது, விலையும் குறைவு. அதனால் அதுவே வென்றது.

விற்பனையை அளவுகோலாகக் கொள்ளலாமா? 2001இல் வந்த கேம்கியூப் ஏறத்தாழ 2.17 கோடியே விற்றது. 2006இல் வந்த வீ 10 கோடியைக் கடந்தது. ஆயினும், கேம்கியூபோடு வளர்ந்த சிறுவர்கள் இன்று பெரியவர்களாகி, அதனையே பொற்காலம் என்கின்றனர்.

ஆகவே, என் கருத்து இதுதான். ஒரு கருவி யாருக்காக, எதற்காகச் செய்யப்பட்டது, தன் காலத்து வசதிகளைக் கொண்டு அதனை நிறைவேற்றியதா எனக் கேட்பதே நேர்மையான மதிப்பீடு. நம் இளமையின் இனிமையைக் கருவியின் தகுதியாகக் கருதுவது முதியோர் பிழை. பின்னால் வந்ததாலேயே ஒன்றை உயர்ந்ததெனக் கொள்வது இளையோர் பிழை. பாட்டிலும் நூலிலும் உடையிலும்கூட நாம் இவ்விரு பிழைகளையே செய்கிறோம். அதனால் ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் இன்பத்தை மற்றவர் அறியாமலே போகிறோம்.

நான் தீர்ப்புக் கூறவில்லை. 1985ஆம் ஆண்டின் மாரியோ விளையாட்டு, சுவிட்ச் கருவியிலும் கிடைக்கிறது. அதனை மகனை ஆடச் சொன்னேன். மூன்று முறை பள்ளத்தில் வீழ்ந்தபின், "இது எளிதன்று, அப்பா" என்றான். பிறகு மகனின் விளையாட்டைக் கையிலெடுத்த தந்தைக்கு எந்தப் பொத்தானை அழுத்துவதென்றே தெரியவில்லை. மகன் அருகில் அமர்ந்து கற்றுக்கொடுத்தான்.